அய்யாவுக்குக் கட்டுன கயிறு

ஆத்தாவக் கும்பிட்டு நாகஜோதி எழுதுறேன். முழங்கால் வலி தேவலையா? போன்ல சொன்னா அழுதுருவேன், அதான் காயிதம்.

இங்கன திருப்பூர் கம்பெனியில படியில சறுக்கிட்டேன், அடி இல்ல. "காலையிலயே ஊத்திட்டியாக்கா"ன்னு புள்ளைக சிரிச்சாளுக. தள்ளாட்டம் நிக்கலன்னு ஆசுபத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா வெரலை ஆட்டி, தலைய அசைக்காமப் பாருன்னாக. எங் கண்ணு வெரலைத் தாண்டி ஓடிட்டு வெட்டி வெட்டித் திரும்புது. சிறுமூளை தேயுதாம், அய்யா வழியில வந்ததாம். மருந்து இல்லையாம்.

செத்துப்போன அய்யா தள்ளாடுனப்ப, குடிக்காத மனுசனுக்குக் குடிய மறக்கக் கோயில்ல கயிறு கட்டுனோமே ஆத்தா.

அவரு ஊனுன கம்பை அடுப்புல வச்சிராத, எனக்கு வேணும். சாப்பாட்டுக்கு நாரத்தங்காய் ஊறுகாய் குடுத்துவிடு.

கம்பெனி பஸ் வந்துருச்சு. ஒங்கிட்ட வளர்ற எம் மக ஜோதிகாவ வரப்புல நடக்கவிட்டுப் பாரு. தடுமாறுனா எங்கிட்டச் சொல்லாத.