மாதிரிக்கு ஒரு முகம்

6.10.2025, திங்கள்

கம்ப்யூட்டரில் சிவப்புக் கோடு வந்துவிட்டது. சி டிரைவ் நிறைந்துவிட்டதாம். வினிதாவுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த திங்கள் சேர வேண்டும். கம்பெனியில் கொடுத்த சாஃப்ட்வேரை ஏற்றினால் இடமில்லை இடமில்லை என்று திருப்பித் திருப்பிச் சொல்கிறது. "இத்தனை பெரிய டிஸ்க்ல எனக்குனு ஒரு மூலை இல்லையாம்மா?" என்றாள்.

என் வீட்டுக்காரர் போய் நாலு மாசம். அவர் நாற்காலியில் நான் இன்னும் உட்காரவில்லை. போன வருஷ ஆயுத பூஜைக்கு அவர் கம்ப்யூட்டர் டப்பாவுக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து அப்படியே இருக்கிறது. இந்த வருஷம் நமக்குப் பூஜை இல்லை.

7.10.2025

குரோம்பேட்டையிலிருந்து ஜீவானந்தம் வந்தார். இந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்தவர் அவர்தான்.

"அக்கா, டிஸ்க்கு ரெண்டா பிரிச்சிருக்கு. சி சின்னது, டி பெருசு. லோகு அண்ணன் வேலை எல்லாம் டி-ல. அதுல பாதி சும்மா கீது. நடுவுல இருக்கற கோட்டைத் தள்ளி, டி-ல கொஞ்சம் எடுத்து சி-க்குக் குடுத்தா போதும்."

"தள்ளினா உள்ள இருக்கறது?"

"ஒண்ணும் ஆவாது. ஆனா தள்ளிக்கினு இருக்கசொல்ல கரண்ட் போச்சுன்னா டி மொத்தமும் காலி. உங்க யூபிஎஸ் பேட்டரி வேற செத்துக் கெடக்கு. முக்கியமானதைப் பென்டிரைவ்ல எடுத்து வைங்க. ஞாயித்துக்கெழமை வர்றேன்."

முக்கியமானது. எது முக்கியம்?

டி முழுக்க செத்தவர்கள். கீழ்க்கட்டளையில் யார் வீட்டில் சாவு என்றாலும் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு இங்கேதான் வருவார்கள். அவர் டிசைன் செய்வார். நான் பக்கத்தில் நின்று பெயர்களைப் படித்துச் சரிபார்ப்பேன். மூத்த மருமகன் பெயர் கீழே போய்விட்டால் பிணத்தை வைத்துக்கொண்டே சண்டை போடுவார்கள். அப்புறம் வருஷா வருஷம் நினைவு நாளுக்கு அதே படத்தைக் கேட்டு வருவார்கள். சில வீடுகளில் வேறு படமே கிடையாது. இங்கே அழிந்தால் அந்த ஆள் இன்னொரு தடவை போன மாதிரிதான்.

பென்டிரைவோ சின்னது. எல்லோருக்கும் இடம் பத்துமா தெரியவில்லை.

8.10.2025

உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில். மெத்தை அவர் உட்கார்ந்த வாக்கில் அமுங்கியிருக்கிறது, நான் அந்தக் குழிக்குள் போய் விழுந்தேன்.

ஒவ்வொரு முகமாகத் திறந்து பார்த்து எடுத்து வைத்தேன். பால்காரர். ரேஷன் கடை அம்மா. அங்காளம்மா அக்கா வீட்டுக்காரர் சுப்பராயலு அண்ணன். எல்லோரும் மாலைக்குள்ளிருந்து என்னையே பார்க்கிறார்கள்.

கடைசியில் 'மாதிரி' என்று ஒரு ஃபோல்டர். திறந்தேன்.

அவர்.

கண்ணீர் அஞ்சலி. கீ. லோகநாதன். இரண்டு பக்கம் குத்துவிளக்கு, கீழே தாமரை. தோற்றம் — அவர் பிறந்த தேதி சரியாக இருக்கிறது. மறைவு — வெறும் கோடு. உன் பிரிவால் வாடும் மனைவி தையல்நாயகி, மகள் வினிதா.

போன வருஷம் ஆடி மாதத்தில் செய்தது என்று காட்டுகிறது. அவர் போனது இந்த வருஷம் ஜூனில்.

9.10.2025

சோறு இறங்கவில்லை. நீலச் சட்டை. அதில் இருப்பதும் அந்த நீலச் சட்டை. போன அன்றைக்குப் போட்டிருந்ததும் அதுதான்.

10.10.2025, வெள்ளி

தெரிந்தே இருந்தாரா?

சித்திரையில் ஒருநாள் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயு என்றார். ஒரு சோடா குடித்துவிட்டு மறுபடி வேலை பார்க்கப் போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன். அதற்கும் முன்னாலேயே டாக்டர் யாராவது சொல்லியிருப்பாரோ? நாள் குறித்துச் சொல்லியிருப்பாரோ? அதனால்தான் தனக்குத்தானே செய்து வைத்தாரா — நமக்கு அலைச்சல் வேண்டாம் என்று?

ஏன்யா என்கிட்ட சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா இழுத்துக்கினு போயிருப்பேனே ஆஸ்பத்திரிக்கு. பக்கத்துலயேதானே நின்னுகினு இருந்தேன். தண்ணி கேட்ட, எடுத்தாறதுக்குள்ள...

திரை அணைந்து கிடந்தாலும் உள்ளே அவர் முகம் இருப்பது போலவே இருக்கிறது. கூட்டும்போது முதுகில் பார்வை படுகிறது. துண்டு போட்டு மூடிவிட்டேன்.

"அப்பா ஃபைல்ஸ் எல்லாம் எடுத்துட்டியாம்மா?" என்று வினி கேட்டாள். எடுத்துவிட்டேன் என்றேன். அந்த ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. கரண்ட் போனால் போகட்டும். அதோடு போகட்டும்.

11.10.2025, சனி

அங்காளம்மா அக்கா வந்தார். சுப்பராயலு அண்ணனுக்கு வருகிற மாதம் முதல் வருஷம்.

வந்ததும் கேட்டார். "இன்னா நாயகி, கம்பூட்டருக்கு முக்காடு போட்டு வெச்சிக்கிற?"

"தூசு அக்கா."

"எனக்கு அந்தத் தாமரப் பூ போட்டது ஒண்ணு கீதே, அதுதான் வேணும். லோகு அவுரு படத்தப் போட்டு வெச்சிருப்பாரே, அது."

"அதை நீங்க எப்படிப் பார்த்தீங்க?"

"எனக்கு மட்டுமா, வர்றவங்க எல்லாருக்கும் அதத்தானே காமிப்பாரு! எம் புருசன் செத்து வந்து நிக்கிறேன், இவுரு மூஞ்சி மாலையோட வருது. அழுதுகினு இருந்தவ சிரிச்சிட்டேன். யோவ், உசுரோட கீற மனுசன் இன்னாய்யா இதுன்னேன். 'மாதிரிக்கு வேற யாரு மூஞ்சிய வெக்கிறது? எவன் மூஞ்சிய வெச்சாலும் ஒதைக்க வருவான். என் மூஞ்சின்னா கேக்க ஆளு இல்ல'ன்னாரு."

"என்கிட்ட சொன்னதே இல்லையே அக்கா."

"எப்பிடி சொல்லுவாரு? 'அவ பாத்தா வெளக்குமாத்தத் தூக்குவா, நீயும் வாயத் தொறக்காத'ன்னாரு."

தூக்கியிருப்பேன். சத்தியமாகத் தூக்கியிருப்பேன்.

அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எதற்கு அழுகிறேன் என்று கேட்கவில்லை. அக்கா கிளம்பிய பிறகு துண்டை எடுத்தேன்.

12.10.2025, ஞாயிறு

காலையிலிருந்து வானம் மூடிக் கிடந்தது. ஜீவானந்தம் பட்டனை அமுக்கப் போகும்போது, கொஞ்சம் இருங்க என்றேன். பென்டிரைவில் இடம் இல்லை. திருப்பதி போன வீடியோவை எடுத்துவிட்டு அந்த மாதிரியை உள்ளே வைத்தேன்.

அப்புறம் கோடு நகர ஆரம்பித்தது. எறும்பு மாதிரி. ஜீவானந்தம் டீ குடிக்கக்கூடப் போகவில்லை. வினி நகத்தைக் கடித்தாள். பாதியில் மழை பிடித்தது. டியூப் லைட் ஒரு தடவை கண் சிமிட்டியது. "ஏங்க, பாத்துக்கோங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. ஜீவானந்தத்திடம் சொல்லவில்லை. அது ஜீவானந்தத்துக்கும் தெரிந்தது, திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டார்.

முடிந்தது. சி-யின் சிவப்பு நீலமாகிவிட்டது. டி-யைத் திறந்து ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லோரும் இருந்தார்கள். திருப்பதியும் இருந்தது, அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு.

13.10.2025

வினி வேலையில் சேர்ந்தாள். காதில் மைக் மாட்டிக்கொண்டு யார் யாருடனோ இங்கிலீஷில் பேசுகிறாள்.

20.10.2025

தீபாவளி. நமக்கு இல்லை. அங்காளம்மா அக்கா வீட்டிலும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஊர் வெடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

25.10.2025, சனி

சுப்பராயலு அண்ணன் பேனரை நானே செய்தேன். முகத்தை வெட்டி வைப்பதும் பெயர் மாற்றுவதும் அவர் முன்னமே சொல்லிக் கொடுத்தவைதான். என் கை மெதுவாக வருகிறது, அவ்வளவுதான்.

அது முடிந்ததும் அவருடையதைத் திறந்தேன். மறைவு என்று இருந்த கோட்டை எடுத்துவிட்டுத் தேதி அடித்தேன். டி-யில், சுப்பராயலு அண்ணனுக்கு அடுத்து வைத்தேன்.

3.11.2025, திங்கள்

மேடவாக்கம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அப்பா தவறிவிட்டாராம். "லோகு அண்ணன் இல்லையா?" என்றார். இல்லை, நான்தான் செய்கிறேன் என்றேன். "மாதிரி எதுனா இருந்தா காட்டுங்கக்கா."

காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இதே மாதிரி போட்டுடுங்க" என்றார். போகும்போது வாசலில் நின்று இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

வினி மைக்கைக் கழற்றிவிட்டு ஓடி வந்தாள். "அம்மா, லூசா நீ? எடு அதை! முதல்ல எடு!"

"மாதிரிக்கு வேற யாரு மூஞ்சிய வெக்கிறது?" என்றேன்.

என் படத்துக்குக் கீழே அவள் பெயரைப் போடவில்லை. அதற்கு மட்டும் கை வரவில்லை. மறைவு என்ற இடத்தில் வெறும் கோடுதான். அதை டி-யில் வைக்கவில்லை, சி-யில், வினி வேலை பார்க்கிற பக்கத்தில் வைத்திருக்கிறேன். இப்போதைக்கு.