ஈஸ்டருக்கு வந்த நார்மல் ரிப்போர்ட்

லண்டன், ஏப்ரல் 2003

அன்புள்ள அம்மா,

ஈஸ்டர் அன்று ஃபோனில் அப்பாவிடம், எங்கள் ஆய்வுக்கு ரத்தம் தந்த வில்சன் என்பவரைப் பற்றி நான் சொல்லவில்லை. உங்கள் முட்டிவலி தேவலையா?

“கொழுப்பு நார்மல்னு வந்துருச்சு தாயி. மாத்திரைய நிப்பாட்டிட்டேன். இன்னைக்கு ஆட்டுக்கறிதேன்!” என்று அப்பா அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார்.

தவக்காலம் முழுவதும் கறி தொடாமல், மாத்திரையும் போட்டு, புனித சனியன்று ரத்தம் கொடுத்தால் வேறு எப்படி வரும்? அவர் கழுத்து ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பு அப்படியேதான் இருக்கிறது. அது எப்போது உடைந்து மூளைக்குப் போகும் என்று ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே இன்னும் தெரியாது. திண்டுக்கல் லேப்காரருக்குத் தெரிந்துவிட்டதாம். அந்த வில்சனுக்கும் கொழுப்பு நார்மல்தான். பெரிய வெள்ளியன்று பக்கவாதத்தில் விழுந்தார்.

எப்படியாவது அப்பாவை மாத்திரை போட வையுங்கள். மிளகாய்ப்பொடி அனுப்பும்போது உங்கள் பழைய சேலை ஒன்றையும் வையுங்கள், போர்த்திக்கொள்ள. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்களிடம் அப்பா சொல்லியிருக்க மாட்டார். ஈஸ்டருக்கு மறுநாளே கூப்பிட்டு வில்சனைப் பற்றிச் சொன்னேன். “நல்ல நாளும் அதுவுமா பேசுற பேச்சா இது? வாயக் கழுவு” என்று ஃபோனை வைத்துவிட்டார். அதன்பிறகு என் ஃபோனை அவர் எடுக்கவில்லை.

லிடியா