கொப்பளித்த நீர்

நாள் 61. காலை 9:10
காலிஸ்டோ நிலவு, ஆய்வு நிலையம். பதிவு: பல் மருத்துவர் பெனிட்டா. ஆட்கள் இரண்டே பேர்: நானும் பொறியாளர் இசக்கிமுத்து அண்ணாச்சியும்.

அண்ணாச்சியின் கடைவாயில் டைட்டானியப் பல் பொருத்தி ஒன்பது நாள். சொந்தப் பல் என்றால் ஈறின் நார்கள் வேருக்குள்ளேயே நுழைந்து பிடித்துக்கொள்ளும். செயற்கைப் பல்லை ஈறு சட்டைக் காலர் மாதிரி சுற்றி நிற்கும், அவ்வளவுதான். அந்த இடுக்கில்தான் கிருமி புகுகிறது. நான் தடவிய பசை, டைட்டானியத்தையே கவ்வும்படி ஈறை மாற்றுகிறது.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அளவுக்கம்பியை விட்டுப் பார்த்தேன். இடைவெளி இல்லை. ரத்தக் கசிவு இல்லை. ஒட்டுதல் முழுமை. சந்தோஷத்தில் ஒரு குதி குதித்தேன். இங்குள்ள குறைந்த ஈர்ப்புக்குத் தலை கூரையில் இடித்தது.

நாள் 66. காலை 8:25
குடிநீர் வரத்து பாதியாகக் குறைந்துவிட்டது. வானொலியில் அண்ணாச்சி: "வடிகட்டில இளஞ்சிவப்பா என்னமோ ஒட்டியிருக்கு டாக்டரம்மா. சுரண்டுனா ரத்தம் மாதிரி வடியுது."

வடிகட்டி டைட்டானிய வலை. நுண்ணோக்கியில் பார்த்தேன். ஈறு. கழிவுநீரைத் தின்று வளர்ந்திருக்கிறது.

நாள் 67. காலை 10:00
தவறு என்னுடையது. பசை பட்ட எச்சிலில் ஈறின் உயிரணுக்கள் உதிர்ந்திருக்கும்; அது ஒரு சொட்டுகூட வடிகாலில் விழக் கூடாது, உறிஞ்சி எடுத்து எரிக்க வேண்டும். இந்த விதியை எழுதியவளே நான். பல் வைத்த மறுநாள் வலிக்கிறது என்றார். பாளையங்கோட்டையில் பதினோரு வருடம் தினமும் சொன்னதை வாய் தானாகச் சொல்லிவிட்டது: "வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிச்சுத் துப்புங்க அண்ணாச்சி."

சொன்னபடி கேட்கிற மனிதர். நாளுக்கு நான்கு தடவை துப்பியிருக்கிறார்.

இங்கே ஒரே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. மூச்சுக்காற்றையும் அதிலிருந்துதான் பிரிக்கிறோம்.

நாள் 69. பகல் 1:40
அண்ணாச்சி பம்பு அறைக்குள் போய்க் குழாயில் அடைத்த சதையை வெட்டினார். காயம் பட்டால் ஈறு இன்னும் வேகமாக வளரும். நான் சொல்லியிருக்க வேண்டும். பதற்றத்தில் சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்தில் அறைக் கதவைச் சுற்றி மூடிவிட்டது. கதவும் டைட்டானியம். அவர் உள்ளே.

நாள் 70. காலை 7:15
"வெட்டாதீங்க டாக்டரம்மா, இன்னும் தடிச்சுக்கிட்டு வருது. நீங்க கூப்பிட்ட மீட்புக் கப்பல் வருதுல்லா? அதுவும் இதே உலோகந்தான? வரவேண்டாம்னு சொல்லிருங்க."

முடியாது என்று கத்தினேன்.

"வாயில உள்ள பல்லு மட்டும் கல்லு மாதிரி நிக்கு" என்று சிரித்தார். பாவி நான். அழுதுகொண்டே மறுபடி வெட்டினேன். மறுபடி மூடியது.

நாள் 71. காலை 6:50
கப்பலுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். திரும்பிப் போங்கள். எங்கள் மேல் இரக்கப்பட்டு இறங்காதீர்கள். இதைப் பிற்பாடு கண்டெடுப்பவர்களே, எதையும் தொடாதீர்கள்.

நாள் 71. காலை 9
மூச்சு வாங்குகிறது. அண்ணாச்சி உள்ளிருந்து கதவைத் தட்டுவது நின்றுவிட்டது. மன்னித்துவிடுங்கள் அண்ணாச்சி

கை சும்மா இருக்கவில்லை. கதவு இடுக்கில் அளவுக்கம்பியை விட்டுப் பார்த்தேன்

இடைவெளி இல்லை
ரத்தக் கசிவு இல்லை
ஒட்டுதல் முழு