கடமான் இனி முப்பதில்தான் ஓடும்

கிரான்ட்ரெஸ்க்,
பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹில்லெவி எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு நன்றாகவே இருக்கிறோம். யோட்டெபோரியில் நீங்களும் பெர்னிலாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே மழை என்று செய்தியில் சொன்னார்கள். இங்கே மைனஸ் இருபத்தொன்பது.

போனில் அனுப்பாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் வந்ததை விரலால் தள்ளிவிடலாம். காகிதம் என்றால் எங்காவது எடுத்து வைத்தாக வேண்டும்.

நீங்கள் எப்போது பேசினாலும் முதலில் கேட்பது "கடமான் எப்படி இருக்கு?" என்றுதான். என் பள்ளிக்கூடம் அதற்குப் பிறகு வரும். ஆகவே நானும் கடமானிலிருந்தே தொடங்குகிறேன். கடமான் என்று நாம் கூப்பிடும், என்னைவிட ஒன்பது வயது மூத்த அந்தப் பச்சை எஸ்யூவியை, செப்டம்பர் ஒன்றாம் தேதி நீங்கள் புது மின்சாரக் காரில் ஏறிப் போனபோது எங்களுக்கு விட்டுப்போனீர்கள். பதிவுத் தாளை அம்மா பெயருக்கு மாற்றினீர்கள். "ஒரு குறையும் இல்ல, அன்னெலி. தங்கமான வண்டி" என்று அதன் முன்பக்கத்தைத் தட்டிக்கொடுத்தீர்கள். அன்று என்னை இரண்டு முறை தட்டினீர்கள், அதை மூன்று முறை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இலையுதிர் காலத்தில் ஓரிரு முறை இருமியதோடு சரி. டிசம்பரில்தான் அந்தக் கேபிள் விஷயம் நடந்தது. காலை வேலைக்குப் போகும் அவசரத்தில் அம்மா, இரவில் இன்ஜினைச் சூடாக வைக்கும் மின்சாரக் கேபிளை வாசல் கம்பத்திலிருந்து கழற்ற மறந்து வண்டியை எடுத்துவிட்டாள். பிளக் பிய்ந்துபோய், ஆரஞ்சு நிறக் கேபிள் கடைத்தெரு வரை பின்னாலேயே இழுபட்டு வந்தது. கடைக்காரர் வாசலில் நின்று, "அன்னெலி, உன் நாய் பின்னாடியே ஓடி வருது பாரு! நில்லு, பாவம், மூச்சு வாங்குது!" என்று கத்தினாராம். இந்த ஊரில் அதைச் செய்யாதவர் யார் அப்பா? நீங்களே இரண்டு முறை செய்திருக்கிறீர்கள்.

அதே வாரம் கடுங்குளிர் வந்தது. கடமான் நடுவழியில் நிற்கத் தொடங்கியதும் அப்போதுதான். அம்மா வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஹெல்மர் தாத்தாவுக்குக் காலை எட்டு மணி மாத்திரை பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வெட்கத்தோடுதான் அம்மா உங்களுக்குப் போன் செய்தாள். போன் மேசைமேல் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. எதிரே நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"கேபிளோட இழுத்துட்டுப் போனியா? அப்ப அதேதான். ஒயரிங் மொத்தமும் போயிருக்கும். அந்த வண்டிய நான் எவ்வளவு பத்திரமா வச்சிருந்தேன்!" என்றீர்கள்.

"மன்னிச்சிரு, யோர்கன்" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அவள் கிளம்புவதற்கு முன் அந்தக் கம்பத்தை ஒரு முறை கையால் தொட்டுப் பார்க்கிறாள். பாதி தூரம் நடந்து வந்து, திரும்பப் போய் மறுபடியும் தொடுகிறாள்.

இனி போன சனிக்கிழமைக்கு வருகிறேன். உமெயோ நூலகத்தில் மாகாண வாசிப்புப் போட்டியின் இறுதிச் சுற்று. நம் பள்ளியிலிருந்து அதுவரை போனது நான் ஒருத்திதான். நாற்பத்தாறாவது கிலோமீட்டரில், இரண்டு பக்கமும் காடு, கடமான் நின்றுவிட்டது. அம்மா சாவியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, "என்னாலதான், என்னாலதான்" என்றாள். பனிக்காலத்துக்கென்று வண்டியில் எப்போதும் ஒரு மெழுகுவத்தி இருக்குமே, அதைத் தேடி முன்பெட்டியைக் குடைந்தேன். மெழுகுவத்தி கிடைத்தது. உங்கள் நோட்டும் கிடைத்தது.

அதுவரை நான் உங்கள் கையெழுத்தை ரசித்திருக்கிறேன். எண்ணெய் மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள் என்று எல்லாம் அச்சடித்தது போல இருந்தன. கடைசிப் பக்கம் ஆகஸ்ட் 24. அதை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் மறந்திருந்தால் உதவும்: "எரிபொருள் பம்ப் போய்க்கொண்டிருக்கிறது. குளிர் வந்தால் நடுவழியில் நிறுத்தும். புதிது போட வேண்டும். வேண்டாம், வண்டி அன்னெலிக்குத்தானே போகிறது."

அம்மாவிடம் காட்டவில்லை. நோட்டை கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாங்கள் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் மரம் ஏற்றிவந்த ஒரு லாரிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். போட்டி இந்நேரம் முடிந்திருக்கும் என்று நான் சொன்னதும் ரேடியோவை அணைத்துவிட்டு, "சரி, எனக்குப் படி. நான் எங்கயும் ஓடிட முடியாது" என்றார். பன்னிரண்டு நிமிடம் வாசித்தேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா நீளம்" என்றார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பழிவாங்குகிறவர்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். அவர்களில் நல்லவர்கள் முதலில் எதிரிக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிறார்கள். நானும் கொடுக்கிறேன். ஏரியில் பனி உருகுவதற்குள் அம்மாவைக் கூப்பிட்டு, அது கேபிளால் ஆனதல்ல என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும். நான் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியவர் நீங்கள்.

உங்கள் புதுக் கார் ஒவ்வொரு காலையும் சொன்னபடி கிளம்பட்டும். அதில் ஏறும்போதெல்லாம் எங்கள் ஞாபகம் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகள்
ஹில்லெவி



கிரான்ட்ரெஸ்க்,
மே 23

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு பக்கக் கடிதத்துக்குப் பதிலாக நீங்கள் போனில் அனுப்பிய கட்டைவிரல் படம் கிடைத்தது. மஞ்சள் நிறக் கட்டைவிரல், மேல்நோக்கி. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு வாரம் யோசித்தேன். அகராதியில் இல்லை.

ஏரியில் பனி மே ஆறாம் தேதி உருகிவிட்டது. நீங்கள் அம்மாவைக் கூப்பிடவில்லை.

ஆனால் அம்மாவுக்குக் கடிதம் எழுதினீர்கள், ஏப்ரலில். என் கடிதத்தைப் பார்த்துதான் காகிதத்தின்மேல் ஆசை வந்ததோ என்னவோ. கடமான் போன்ற பழைய வண்டிகளை இப்போது தேடித் தேடி வாங்குகிறார்கள் என்றும், அதைச் சும்மா பயன்படுத்திக்கொள்ளத்தான் எங்களிடம் விட்டுப்போனதாகவும், கோடைத் திருவிழாவுக்கு வந்து எடுத்துக்கொண்டு பெர்னிலாவோடு நார்வே கடற்கரைக்குப் போக விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். "கேபிள் விஷயத்தை நான் பெரிதுபடுத்த மாட்டேன்" என்று ஒரு வரி. அம்மா அதைப் படித்துவிட்டு, "நல்ல மனசுதான்" என்றாள். அப்பா, அந்த ஒரு வரிக்காகத்தான் இனி நான் சொல்லப்போவது எல்லாம்.

மார்ச்சில் எனக்குப் பதினைந்து முடிந்தது. காலையில் ஒழுங்காகக் கிளம்புவதைத் தவிர வேறு எந்த அழகும் இல்லாத ஒரு சின்னச் சாம்பல் நிறக் காரை அம்மா வாங்கியிருந்தாள். கடமானின் பதிவுத் தாளைப் பிறந்தநாள் கேக்குக்குப் பக்கத்தில் வைத்து, "உனக்கு. ஓடாட்டியும் உள்ள உக்காந்து படிக்கலாம்" என்றாள். ஆகவே உங்கள் கடிதம் வந்தபோது கடமான் என் பெயரில் இருந்தது. என் தோழி டின்ட்ராவின் அம்மா குன்-லிஸின் பட்டறையில், தரையிலிருந்து ஆளுயரத்துக்குத் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது.

குன்-லிஸைத் தெரியுமே. அவர் முதலில் பம்பைக் கழற்றி, செத்த எலியைப் போல வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "இதான்டி உங்கப்பனோட தங்கம். கேபிளாவது ஒயரிங்காவது! பிளக் பிஞ்சதுக்குப் பிளக் மாத்துனா முடிஞ்சுது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். ஒரே மதியத்தில் புது பம்ப் போட்டுவிட்டார். ஒரு மதியம்தான் அப்பா. சாவியைத் திருகியதும் கிளம்பியது. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று குன்-லிஸிடம் கேட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த வெட்டும் இயந்திரத்தை எடுத்தார்.

ஏனென்றால் என் திட்டம் அவருக்கு முன்பே தெரியும். அதுவரை, பழைய வண்டிக்கு மதிப்புப் போய்விடும் என்று தயங்கிக்கொண்டிருந்தார்.

"வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது பொண்ணே. நல்லா யோசிச்சியா?"

நான் நம் ஊர் வழக்கப்படி மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தேன். யோட்டெபோரியில் அப்படி 'ஆமாம்' சொன்னால் யாருக்கும் புரிவதில்லை, எனக்கு ஏதோ நெஞ்சுவலி என்று நினைக்கிறார்கள் என்று ஒரு முறை போனில் சிரித்தீர்கள். குன்-லிஸுக்குப் புரிந்தது.

சட்டம் உங்களுக்கே தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் சொல்லும்போது எனக்கு இன்பமாக இருக்கிறது. பதினைந்து வயதுக்காரர்கள் ஓட்ட வேண்டுமானால் காரை ஏ-டிராக்டராக மாற்றிப் பதிய வேண்டும். பின் இருக்கைகள் கூடாது, ஆகவே கழற்றிவிட்டோம். பின்பக்கக் கூரையை வெட்டி, இப்போது அங்கே விறகு ஏற்றும் தட்டு இருக்கிறது. வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டர். இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் அதற்கு மேல் போகாது. பின்னால் பெரிய சிவப்பு முக்கோணம் மாட்டியிருக்கிறது, தூரத்திலிருந்தே எல்லாரும் எரிச்சலடைவதற்காக. ஞாபகம் இருக்கிறதா அப்பா? டின்ட்ராவின் ஏ-டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கை அடித்து, "இந்தச் சனியனுங்கள ரோட்டுலயே விடக்கூடாது!" என்று கத்துவீர்கள். அதே ஸ்டியரிங்தான். நீங்கள் அடித்த இடத்தில் தோல் கொஞ்சம் பிசுபிசுக்கிறது.

சோதனை நிலையத்தில் அதிகாரி சுற்றிச் சுற்றி வந்து பெருமூச்சு விட்டார். "இப்படிப்பட்ட வண்டிய எதுக்கும்மா வெட்டுனீங்க?" என்றார். "அவங்கப்பாவுக்குப் பரிசு" என்றார் குன்-லிஸ். "அவருக்குப் பிடிக்குமா?" என்று கேட்டார் அந்த மனிதர். "பிடிச்சா நாங்க தோத்தோம்" என்றார் குன்-லிஸ். முத்திரை குத்தினார்கள்.

பத்து நாளாக ஓட்டுகிறேன். ஒரு நாளும் நடுவழியில் நிற்கவில்லை. ஒயரிங்கை மாற்றியதால்தான் என்று அம்மா நம்புகிறாள். நேற்று எனக்குப் பின்னால் பதினோரு கார்கள் வரிசையில் வந்தன. ஒவ்வொருவரும் உங்கள் குரலில் கத்துவது போல இருந்தது. நான் நேராக உட்கார்ந்து, முப்பதில், பாட்டுக்கூட வைக்காமல் வந்தேன். பழிவாங்கியபின் மனம் வெறுமையாகிவிடும் என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. நன்றாகப் பசித்தது.

நீங்கள் கேட்டபடி கடமானைத் தருகிறேன். தர மாட்டேன் என்று சொல்லவில்லை. கணக்குப் பார்த்துவிட்டேன்: யோட்டெபோரி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நெடுஞ்சாலையில் ஏ-டிராக்டரை விடமாட்டார்கள் என்பதால் சுற்று வழி. தூங்காமல் ஓட்டினால் முப்பத்தைந்து மணி நேரம். நார்வே கடற்கரையை நான் கணக்குப் போடவில்லை. ஓட்டுகிறவர் தவிர இன்னும் ஒருவர்தான் உட்காரலாம், ஆகவே பெர்னிலா வருவதானால் உங்கள் பெட்டிகள் விறகுத் தட்டில் மழையில் வரும்.

இவ்வளவோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் இன்று காலை ஒன்று பார்த்தேன். மே மாதம், அப்பா. பிர்ச் மரங்களில் இலை வந்துவிட்டது. யாரும் எதையும் கம்பத்தில் செருகுவதில்லை, கேபிளைச் சுருட்டிக் கொட்டகையில் வைத்தாயிற்று. அம்மா வேலைக்குக் கிளம்பி, காருக்குப் போகிற வழியில் அந்தக் கம்பத்தைக் கையால் தொட்டாள். பாதி தூரம் போய்த் திரும்பி வந்து மறுபடியும் தொட்டாள். நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். ஓடிப்போய் நோட்டைக் காட்டியிருக்கலாம். காட்டினால் அவளுக்கு அந்தக் கடைசி வரியும் தெரிந்துவிடும்: "அன்னெலிக்குத்தானே." அதை அவள் படிக்கக் கூடாது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு எழுதுகிறேன்.

நோட்டு கடமானின் முன்பெட்டியில், மெழுகுவத்திக்குக் கீழே இருக்கிறது. திருவிழாவுக்கு வந்தால் அந்தப் பக்கத்தை நீங்களே கிழித்துக்கொள்ளலாம்.

பேருந்து ஊசெலெ வரை வரும். அங்கே சிவப்பு முக்கோணத்தைப் பார்த்தால் நான்தான். அங்கிருந்து வீடு முப்பத்தெட்டு கிலோமீட்டர், எங்கள் வேகத்தில் ஒரு மணி பதினாறு நிமிடம். நடுவில் இறங்க வழியில்லை. பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது. நான் ஒன்றும் பேசமாட்டேன். அம்மாவிடம் சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.

வருவதானால் போன் செய்யுங்கள். கட்டைவிரல் வேண்டாம். பேசக்கூட வேண்டாம், நம் ஊர்க்காரர் போல மூச்சை ஒரு முறை உள்ளே இழுங்கள். எனக்குக் கேட்கும்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
ஹில்லெவி