நறை: ஆறாம் பொருள்

மார்ச் 3, செவ்வாய்

அகராதி மறுபதிப்பில் 'ந' வரிசை இன்று ஆரம்பம். மேசைமேல் பதினோரு மேற்கோள் சீட்டுப் பெட்டிகள். வாசனையைக் குறிக்கும் சொற்களையெல்லாம் நானே பார்க்க வேண்டுமாம். ஒரு வாரமாக மூக்கடைப்போடு இருப்பவளாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் சொன்னேன். அவர் செய்தித்தாளை இறக்காமலே, "நாத்தம்னாகூட ஒரு காலத்துல நல்ல வாசனைதானாமே? அப்ப என் சாக்ஸைத் துவைக்காம விட்டுடலாமா?" என்றார். சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 6, வெள்ளி

பயந்தது வந்துவிட்டது.

சீட்டுகளைக் கணினியில் ஏற்றுகிறவரை அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்போம். அவர் பார்வைக்கு எதுவும் தப்பாது. "மேடம், நறைக்கு ஆறாம் பொருள்ல ஒரே ஒரு சீட்டுதான் இருக்கு. உங்க கையெழுத்து. சுவடி எங்க இருக்குன்னு சொன்னீங்கன்னா படம் எடுத்துடுவேன்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நறை: தேன், கள், நறுமணம், நறும்புகை, மணமுள்ள ஒரு கொடி. இந்த ஐந்துக்கும் சான்று இருக்கிறது. ஒரு பொருளுக்கு மூன்று நூல்களிலிருந்து மூன்று சீட்டு வேண்டும் என்பது எங்கள் விதி. ஆறாவது பொருள்: 'பச்சிளங்குழந்தையின் உச்சந்தலை மணம்'.

அதற்குச் சுவடி கிடையாது. எப்போதும் இருந்ததில்லை.

மார்ச் 9, திங்கள்

எழுதியே வைத்துவிடுகிறேன்.

இருபத்து நான்கு வருடத்துக்கு முன்னால். மகளுக்கு ஐந்து மாதம். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தேன். காலையில் அவளை மாமியார் கையில் கொடுத்துவிட்டு வந்தால், மதியம்வரை என் தோளில் அவள் தலையின் மணம் இருக்கும். அதற்கு ஒரு சொல் தேடினேன். பெட்டி பெட்டியாகத் தேடினேன். பூவுக்கும் புகைக்கும் கள்ளுக்கும் இத்தனை சொல் வைத்திருக்கிறோம், இதற்கு மட்டும் ஒன்றுகூடவா இல்லை?

ஒருநாள் வெற்றுச் சீட்டு ஒன்றை எடுத்து எழுதினேன்: 'துயில்கொள் மகவின் உச்சி நறையினும் இனியது உளதோ தோழி.' சான்று: தனிப்பாடல், பழஞ்சுவடி. 'அரிய வழக்கு' என்று குறித்தால் ஒரு சீட்டே போதும் என்ற விதிவிலக்கும் தெரிந்திருந்தது.

பாட்டு நானே கட்டியது. அந்தத் 'தோழி'யைப் பார்த்தால் இன்று கூசுகிறது. இத்தனை வருடத்தில் ஒரு புலவரும் சந்தேகப்படவில்லை.

விளையாட்டுக்குச் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பெட்டியில் போட்டேனே.

மார்ச் 10, செவ்வாய்

தேடிப் பார்த்தேன். ஆறாம் பொருளில் அந்தச் சொல் இரண்டு கவிதைத் தொகுப்பில் இருக்கிறது, ஒரு நாவலில் இருக்கிறது, குழந்தைச் சோப்பு உறை ஒன்றிலும் இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

மகள் போனில். ஏழாம் மாதம், குரலில் மூச்சு வாங்குகிறது. "அம்மா, பேர் முடிவாயிடுச்சு. பொண்ணா இருந்தா நறை. எங்க அத்தைகிட்டகூடச் சொல்லிட்டேன், எங்கம்மா சுவடியில கண்டுபிடிச்ச சொல்லு அத்தைன்னு."

பள்ளிப் பேச்சுப்போட்டியில் இதைச் சொல்லிக் கோப்பை வாங்கியவள்.

சரி என்றேன். சரி என்று எப்படி வந்தது வாயில்?

மார்ச் 16, திங்கள்

பூதக்கண்ணாடியே வழியும் சொன்னார். "கிடங்குல தண்ணி புகுந்தப்போ எவ்வளவோ சுவடி போச்சு. இதுவும் போச்சுன்னு எழுதிட்டா யார் மேடம் கேக்கப்போறா?" நல்ல மனிதர். அதனால்தான் இன்னும் கஷ்டம்.

தலைமைப் பதிப்பாசிரியர் ஏப்ரலோடு ஓய்வு பெறுகிறார். அடுத்து நான்தான் என்று பேச்சு.

இரவு வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா சீட்டு போயிடுமே."

"போயிடும்."

"எந்தச் சீட்டைச் சொல்ற? பெட்டியில இருக்கறதா, நீ உக்காரப்போறதா?"

"ரெண்டும்."

"சரி. அப்ப காப்பி போடறேன்."

மார்ச் 20, வெள்ளி

தலைமைப் பதிப்பாசிரியரிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதை மேற்கோள் காட்டி நானே ரெண்டு கட்டுரை எழுதியிருக்கேன்மா."

சீட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"சத்தமில்லாம எடுத்துடுங்க. வெளியில தெரிய வேண்டாம்" என்றார் பிறகு.

"எடுக்க முடியாது சார். இப்ப நிஜமாவே ஜனங்க எழுதறாங்க. மூணு சீட்டு உண்மையாவே சேர்ந்துடுச்சு. எங்கிருந்து வந்ததுன்னு மட்டும் எழுதணும்."

"உங்க பேரோடயா?"

"என் பேரோட."

"அப்புறம் இந்த நாற்காலியை—"

"தெரியும் சார்."

சொற்பிறப்புக் குறிப்பை அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்: 'ஆறாம் பொருள் பழைய வழக்கு அன்று. முதற்பதிப்பின் உதவியாசிரியர் தாமே கட்டிய செய்யுளைச் சான்றாகக் காட்டிச் சேர்த்தது. பின்னர் வழக்கில் பரவியது.' கீழே என் பெயர். இதுவரை நான் எழுதிய குறிப்புகளில் இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

மார்ச் 22, ஞாயிறு

மகளிடம் போனில் சொன்னேன்.

"அப்ப எல்லாம் பொய்யா?"

"சுவடி பொய்."

"பாட்டு?"

"நான் எழுதினது."

"மேடையில நின்னு மனப்பாடமாச் சொன்னேனேம்மா. நீ முதல் வரிசையில உக்காந்து கைதட்டின."

ஆமாம், தட்டினேன்.

வைத்துவிட்டாள். இன்னும் ஒன்று சொல்லப் பாக்கி இருந்தது, பாட்டில் வந்தது உன் தலைதான் என்று.

ஏப்ரல் 4, சனி

மகள் அழைக்கவில்லை. அவர் மட்டும் மாப்பிள்ளையிடம் பேசுகிறார், கிரிக்கெட் பற்றியாம்.

ஏப்ரல் 30, வியாழன்

தலைமைப் பதவிக்கு வெளியிலிருந்து ஒருவர் வருகிறார். பூதக்கண்ணாடி என் மேசையில் தேநீர் வைத்துவிட்டுப் போனார். 'ப' வரிசை தொடங்கியாயிற்று. பெரிய எழுத்து. முதுகு வலிக்கிறது.

மே 28, வியாழன்

பெண் குழந்தை. நேற்றுக் காலை. மாப்பிள்ளைதான் கூப்பிட்டார். இன்று போனோம்.

மகள் முகம் வீங்கியிருந்தது. "பேர் வேற வச்சாச்சு" என்றாள் முதலில். சரி என்றேன். குழந்தையைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்தாள். பிறகு, "அந்தச் சீட்டு எழுதினப்போ எனக்கு எத்தனை மாசம்?"

"அஞ்சு."

துணிச்சுருளை அப்படியே என் கையில் வைத்தாள். "மோந்து பாரு."

குனிந்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா?

"ஆஸ்பத்திரி சோப்பு வாசனைதான் வருது."

அவள் சிரித்தாள்; தையல் இழுத்ததில் முகம் சுளித்தாள்.

"மூணு சீட்டு வேணும்ல உனக்கு? நாளைக்கும் வா. நாளன்னைக்கும் வா."