கறுப்புத்தாள் சுற்றிய இலை

பாப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். ஜன்னலோரம் இருக்கும் செம்பருத்தித் தொட்டியை மட்டும் நகர்த்தாதே. ஓர் இலையில் பாதிக்குக் கறுப்புத்தாள் சுற்றியிருக்கிறேன், அதைப் பிரித்துவிடாதே.

போன வாரம் இந்தச் சோதனையைச் செய்து அயோடின் விட்டபோது தாள் சுற்றிய பாதியும் சேர்ந்து கறுத்துப்போனது. செடியை முதலில் இருட்டில் வைக்காதது என் தப்பு. இலையில் பழைய மாவுச்சத்து மிச்சமிருந்திருக்கிறது. இந்தத் தடவை இரண்டு நாள் அலமாரிக்குள் பூட்டி வைத்து, இன்று காலைதான் வெயிலுக்கு எடுத்தேன். வெளிச்சம் பட்டால்தான் இலை மாவுச்சத்து தயாரிக்கும். மாவுச்சத்து இருக்கும் இடத்தை அயோடின் கறுப்பாக்கும். அதனால் அயோடின் விட்டால் தாள் சுற்றிய பாதி மட்டும் கறுக்கக் கூடாது. அதை நான் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

“தையல் மெஷினை விட்டுட்டு இந்த வயசுல பரீட்சை எதுக்கும்மா?” என்று நேற்று சிரித்தாய். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வுக்குப் போகத்தான் போகிறேன்.

கடையிலிருந்து ஐந்து மணிக்கு வந்துவிடுவேன்.

அம்மா

பி.கு: இலையின் பச்சையைப் போக்க, அதை ஸ்பிரிட் டம்ளரில் போட்டு வெந்நீருக்குள் வைக்க வேண்டும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் அதற்கு முன்னால் அடுப்பை அணைத்துவிட்டேனா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். சிரிப்பதானால் பக்கத்தில் நின்று சிரி.