டோனி அப்பாவுக்கு ஒரு மெழுகுவத்தி

அக். 30, வெள்ளி
காலைல இருந்து மழை. யூனிபார்ம் காயல. திங்கள் கல்லறைத் திருநாள். நாளைக்கு டோனி வீட்டாளுங்களோட சேர்ந்து கல்லறை சுத்தம் பண்ணப் போறேன்னு சொன்னேன். அம்மா: "வகுப்பறைக்கே ஒழுங்கா போறதில்ல, கல்லறைக்கா? மூணாவதா ஒரு அறை இருக்கு, கன்னத்துல." என் வாய் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு.

டோனி அம்மா, மேரி ஆன்ட்டி, வருஷா வருஷம் யார் யார் கல்லறையையோ தேய்ச்சுக் கழுவுவாங்க. டோனி அப்பாவுக்கு மட்டும் மெழுகுவத்தி கிடையாது. கார் நிகோபார் தீவுக்குக் கொத்தனார் வேலைக்குப் போனவர். சுனாமி. உடம்பு கிடைக்கல. ஆன்ட்டிக்கு அவர் இன்னும் வேலைக்குப் போனவர்தான். "கொளுத்தினா செத்துட்டார்னு ஆயிடும்ல," ன்னான் டோனி. "இந்த வருஷமாவது அப்பாவுக்கு ஒண்ணு வைக்கணும்டா."

அக். 31, சனி
வெயில். புல் வெட்டு, வாளி வாளியா தண்ணி. சுண்ணாம்பு கல்லறைக்குப் பாதி, எனக்குப் பாதி. சும்மா இருக்க முடியல. டோனியைப் பயமுறுத்த ஒரு கல்லறைக்குப் பின்னாடி ஒளிஞ்சு, புதுசா வந்த கட்டைக் குரல்ல, "டோனீ... இங்க வா."

டோனி திரும்பல. ஆன்ட்டி திரும்பினாங்க. பயந்து இல்ல. சிரிச்சுக்கிட்டு, முடியை ஒதுக்கிக்கிட்டு. "வந்துட்டீங்களா?"

நான்தான் நின்னேன்.

திட்டியிருக்கலாம். வாளியைத் தூக்கிட்டுத் தண்ணிக்குப் போயிட்டாங்க. டோனி: "பாகல் ஹை க்யா? பைத்தியமாடா?" அடிக்கக்கூட இல்ல.

நவ. 1, ஞாயிறு
அந்தப் பக்கமே போகல. பரோட்டா. ஒண்ணோட எந்திரிச்சுட்டேன்.

நவ. 2, திங்கள்
டோனி வாசல்ல. "அம்மா உன்னையும் வரச் சொன்னாங்க." செத்தேன்னு நினைச்சேன்.

வழியில ஆன்ட்டி சொன்னது இவ்வளவுதான்: "அன்னிக்குத் திரும்பிப் பாத்தேன்டா. அவர் இல்ல. நீதான் இருந்த."

எங்க தீவுல அஞ்சு மணிக்கே இருட்டு. கல்லறை மேடு முழுக்க மெழுகுவத்தி. ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு குடும்பம். தமிழ், ஹிந்தி, நிகோபாரி, மலையாளம், எல்லா ஜெபமும் ஒரே நேரத்துல. ஒரு ஜோக்கும் வரல. எனக்கு!

நடுவுல பெரிய சிலுவை. கல்லறை இல்லாதவங்களுக்கு அதோட அடியிலதான் வைப்பாங்களாம். அங்கதான் எத்தனை மெழுகுவத்தி! ஆன்ட்டி பையிலேர்ந்து ஒண்ணு எடுத்தாங்க. டோனி கொளுத்தினான். கடல்காத்து. ஆன்ட்டி ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சாங்க.

ஃபாதர் தீர்த்தத்தோட வந்தார். "யாருக்காக?"

ஆன்ட்டி டோனியைப் பாத்தாங்க.

டோனி: "சேவியர்."

"சேவியர் ராஜ்," ன்னாங்க ஆன்ட்டி. "முழுப் பேரையும் சொல்லுடா."

சொன்னான். தீர்த்தம் தெளிச்சார். என் மேலயும் பட்டுச்சு. துடைக்கல.

ஆன்ட்டி மெதுவா ஒரு கையை எடுத்தாங்க. அப்புறம் இன்னொண்ணை.

எரியுது.